சோறு தின்னும் ஊரில் செலியாக் நோயா?

11 ஜூன் 2023 – இணைய உரையாடல் இழை ஒன்றில் ஒரு வாசகரின் கூற்று

"குழந்தைகளுக்கு வரும் செலியாக் நோயைப் பற்றி இப்போது அடிக்கடி பேசுகிறார்கள். சோறும் இட்லியும் உண்டு வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு அது வருவதில்லை என்பது என் கருத்து. அப்படியே ஐயம் எழுந்தாலும் கோதுமையை இரண்டு மாதம் நிறுத்திப் பார்த்தால் போதும். உடம்பு தேறினால் அதுதான் நோய். தேறாவிட்டால் வேறு ஏதோ. இதற்கு எதற்கு இரத்தப் பரிசோதனையும் குழாய் விட்டுப் பார்ப்பதும்?"

11 ஜூன் 2023, இரவு – என் பதில்

தமிழ்க் குழந்தைகளுக்கு வருவதில்லை என்ற முதல் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். கோதுமையை நிறுத்திப் பார்த்தால் போதும் என்ற இரண்டாவது கூற்றை நான் என் சொந்தப் பேத்தியிடம் செய்து பார்த்து, அவளுடைய வாழ்நாளில் பத்து மாதங்களை வீணாக்கியவன். ஆகையால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

செலியாக் நோயில் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் குடலுக்குள் சென்றதும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. அந்தத் தாக்குதலின் தடயங்கள்தாம் இரத்தத்தில் அளக்கப்படும் எதிர்ப்பொருள்களும், சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்றவை, தட்டையாகிப் போகும் குடலுறிஞ்சிகளும். கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் மெல்ல வடியும். உறிஞ்சிகள் மெல்ல மீண்டும் எழும். நோயாளிக்கு அது நல்லதுதான். ஆனால் நோயை உறுதிசெய்ய வேண்டிய மருத்துவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. திருடன் வந்துபோன மணலைக் கூட்டிப் பெருக்கிவிட்டுக் காவலரை அழைத்துக் கால்தடம் பார்க்கச் சொன்னது போலத்தான் நாங்கள் செய்தோம்.

கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே இரத்தம் கொடுங்கள். முடிவு தெரியும் வரை எதையும் நிறுத்தாதீர்கள்.

12 ஜூன் 2023

எங்கள் கதையைக் கேட்டிருக்கிறார்கள். நான் கோவில்பட்டியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மகளும் மருமகனும் தில்லியை அடுத்த குருகிராமில் வேலை பார்க்கிறார்கள். பேத்தி அங்கே 2016 நவம்பரில் பிறந்தாள். ஆறு மாதத்தில் அரிசிக் கஞ்சியும் கேழ்வரகுக் கூழும், ஒன்பதாம் மாதத்திலிருந்து பிஸ்கட், ரவை, சப்பாத்தி எல்லாம் கொடுத்தார்கள். இரண்டு வயது வரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதன்பின் மெதுவாக, அன்றாடம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத வேகத்தில், குழந்தை வாடினாள். வயிறு முன்தள்ளியது, கையும் காலும் குச்சியாயின. சாப்பாடு என்றாலே முகத்தைத் திருப்பினாள். காரணமில்லாமல் சிணுங்கினாள். என் மனைவி தொலைபேசிக் காணொளியில் பார்த்துவிட்டுச் சவலை பாய்ந்திருக்கிறது என்றாள். தம்பி அப்போது பிறக்கவே இல்லை என்பதால் அந்தச் சொல் பொருந்தாது என்று நான் வாதிட்டேன். சொல்லில்தான் நான் வென்றேன்; குழந்தையைப் பார்த்துச் சொன்னதில் அவள்தான் சரி.

பூச்சி மாத்திரை மூன்று முறை கொடுத்தாயிற்று. ஊரில் குடலேற்றம் தட்டினார்கள். ஹீமோகுளோபின் 7.8 இருந்தது, ஐந்து மாதம் இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் 8.4க்கு மேல் ஏறவில்லை. எங்கள் எல்லாரையும் ஏமாற்றியது ஒன்று உண்டு: அவளுக்குப் பேதியே இல்லை. மாறாக மலச்சிக்கல். குடல்நோய் என்றால் வயிற்றுப்போக்குதானே இருக்க வேண்டும் என்று நாங்களும் நினைத்தோம், முதலில் பார்த்த மருத்துவரும் நினைத்தார்.

12 ஜூன் 2023, சற்றுப் பின்

பாடப்புத்தகத்துச் செலியாக் குழந்தை வேறு மாதிரி இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள், கோதுமை தொடங்கிய சில மாதங்களில், நாற்றமெடுத்த எண்ணெய்ப் பசையுள்ள பேதி, உப்பிய வயிறு, சதை வற்றிய பிட்டம், எடை இறங்குதல் ஆகியவை அதன் அடையாளங்கள். வயது ஏற ஏற நோய் முகமூடி மாற்றிக்கொள்கிறது. இரும்பு மருந்துக்கு அசையாத சோகை, வகுப்பில் எல்லாரையும்விடக் குட்டையாக நிற்பது, மலச்சிக்கல், திரும்பத் திரும்ப வாய்ப்புண், காரணம் தெரியாத வயிற்றுவலி, தாமதமாகும் பூப்பு, நிலைத்த பற்களின் எனாமலில் இரு பக்கமும் ஒன்றுபோல் விழும் குழிகள், கல்லீரல் நொதிகளின் அளவு சற்றே ஏறியிருத்தல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் வந்து நிற்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். முதல் வகைச் சர்க்கரை நோய், தைராய்டு சுரப்பியைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய், பிறவியிலேயே வரும் டவுன் குறைபாடு, டர்னர் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கும், நோயாளியின் உடன்பிறந்தோர், பெற்றோருக்கும் அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான்.

13 ஜூன் 2023

குட்டையாக இருப்பது பரம்பரை என்று சொல்லி நானும் கடத்தியிருக்கிறேன். எனக்கு உயரம் ஐந்தடி மூன்றங்குலம். ஒரு நாளின் உயரத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. வளர்ச்சி வரைபடத்தில் ஒரு கோட்டைப் பற்றிக்கொண்டு வந்த குழந்தை அந்தக் கோட்டிலிருந்து நழுவிக் கீழ்க்கோட்டுக்கு, பிறகு அதற்கும் கீழே என இறங்குவதுதான் எச்சரிக்கை. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைபடம் போட்டுச் சாய்வைக் கற்பித்தவன், பேத்தியின் தடுப்பூசி அட்டையில் இருந்த வரைபடத்தைத் திறந்து பார்க்கவில்லை.

15 ஜூன் 2023

முதல் கூற்றுக்கு வருகிறேன். இந்தியாவில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் வெளியாயிற்று. தெற்குக்கு வேலூர்ப் பகுதியை எடுத்துக்கொண்டார்கள். வடக்கில் 1.23 விழுக்காட்டினருக்கும், வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினருக்கும், தெற்கில் 0.10 விழுக்காட்டினருக்கும் நோய் இருந்தது. அதாவது நம் பக்கம் ஆயிரத்தில் ஒருவர். ஒரு நாளைக்கு உண்ணும் கோதுமையின் சராசரி வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகைகள் வடக்கில் 38.1 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடமும் இருந்தன. ஏறக்குறைய சமம்.

நம்மிடமும் விதை இருக்கிறது. தண்ணீர் ஊற்றாததால் முளைக்கவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். தமிழ்க் குழந்தை என்பதால் வராது என்று சொல்ல முடியாது. தமிழ்க் குழந்தை குருகிராமில் இரண்டு வேளை சப்பாத்தி உண்டு வளர்ந்தால் அதன் பிறப்பிடம் அதைக் காப்பாற்றாது. பரோட்டாவும் பிஸ்கட்டும் நூடுல்ஸும் ஏறிக்கொண்டே போகும் இன்றைய மதுரையிலும் எத்தனை நாளைக்குக் காப்பாற்றும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

16 ஜூன் 2023

நேற்று எழுதியதில் கணித ஆசிரியர் வெட்கப்பட வேண்டிய பிழை இருக்கிறது. 1.23, 0.87, 0.10 என்பவை இரத்தத்தில் எதிர்ப்பொருள் காணப்பட்டவர்களின் விழுக்காடு. நோய் என்று முடிவானவர்களின் எண்ணிக்கை வேறு: ஆயிரத்துக்கு வடக்கில் 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கில் 0.11. ஆகவே நம் பக்கம் ஆயிரத்தில் ஒருவர் என்று சொன்னது தவறு. ஏறக்குறைய ஒன்பதாயிரத்தில் ஒருவர். எதிர்ப்பொருள் இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றில்லை என்பதை விளக்கவந்த இழையிலேயே இரண்டையும் குழப்பினேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. வடகிழக்கில் கோதுமை ஒரு நாளைக்கு 37 கிராம்தான். நம்மைவிட 12 கிராம் கூடுதல். ஆனால் எதிர்ப்பொருள் நம்மைப் போல் எட்டு மடங்குக்கும் மேல். தண்ணீர் ஊற்றினால் விதை முளைக்கும் என்ற என் உவமை இந்தக் கணக்கில் நொண்டுகிறது. கோதுமையின் அளவு காரணங்களுள் ஒன்று; அது மட்டுமே முழுக் காரணம் என்று சொல்ல அந்த எண்கள் இடம் தரவில்லை. உவமையைத் திரும்பப் பெறுகிறேன்.

19 ஜூன் 2023

எனக்கு எப்படிக் கோதுமை மேல் ஐயம் வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரடங்குதான் காரணம். 2020 மார்ச்சில் இரண்டு வாரம் தங்குவதற்காகப் பேத்தியைக் கோவில்பட்டிக்கு அழைத்து வந்தார்கள். ஐந்து மாதம் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். இட்லி, சோறு, கம்மங்கூழ், கடலை மிட்டாய். பிஸ்கட் கூடக் கடையில் கிடைக்காத வாரங்கள் இருந்தன. குழந்தை கண்முன்னே தேறினாள், வயிறு வடிந்தது, தெருவில் ஓடினாள். ஊர்த் தண்ணீர் என்றோம். செப்டம்பரில் குருகிராம் திரும்பிய பிறகு, பொங்கலுக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டாள்.

அப்போதுதான் நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கேயைப் பற்றிப் படித்தேன். ஹேக் நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தவர். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவு வரத்தைத் தடுத்ததால் ரொட்டி கிடைக்காமல் நாட்டின் மேற்குப் பகுதியே பட்டினி கிடந்தபோது, செலியாக் குழந்தைகள் மட்டும் தேறியதைக் கண்டார்; ரொட்டி திரும்பியதும் அவர்கள் மீண்டும் விழுந்ததைக் கண்டார்; நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்தார். படித்து முடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டிலும் அதே ஆய்வு நடந்திருக்கிறதே என்று மகளைக் கூப்பிட்டு, இன்றே கோதுமையை நிறுத்து என்றேன். 2021 ஏப்ரலில் நிறுத்தினாள்.

20 ஜூன் 2023

டிக்கேயைப் பற்றி நேற்று எழுதியது எல்லாரும் சொல்லும் வடிவம். உண்மை இதைவிட நீளமானது. போருக்கு முன்பே, 1930களிலேயே, ரொட்டியை நிறுத்தியதும் ஒரு குழந்தை தேறிய செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. கோதுமையில்லா உணவைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்தும் பார்த்திருந்தார். பட்டினிக் குளிர்காலம் அவருடைய ஐயத்தைப் பிறப்பிக்கவில்லை, வலுப்படுத்தியது. போருக்குப் பின்னும் அவர் கண்டதை வைத்துக்கொண்டு கூவவில்லை. உணவைத் திட்டமிட்டு மாற்றி மாற்றிக் கொடுத்து அளந்து, 1950இல்தான் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தார். குழந்தைகளின் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளக்கும் முறையை வான் டி காமர் என்ற வேதியியலாளர் வகுத்துத் தந்தார். வெய்யர்ஸ் என்ற மருத்துவரும் உடனிருந்தார். அந்தப் பொறுமையில் பத்தில் ஒரு பங்கு எனக்கு இருந்திருந்தால் மகளைத் தொலைபேசியில் விரட்டியிருக்க மாட்டேன்.

இதற்கும் முன்னால், 1887இல் இலண்டனில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் இந்நோயைப் பற்றி உரையாற்றியபோது, குணம் கிடைக்குமானால் உணவால்தான் கிடைக்கும் என்று சரியாகச் சொல்லிவிட்டு, அரிசி ஆகாது, நன்றாக வாட்டிய மெல்லிய ரொட்டித் துண்டு கொடுக்கலாம் என்றார். அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் 1924இல் வாழைப்பழ உணவைக் கொண்டுவந்தார். குழந்தைகள் பிழைத்தார்கள், வாழைப்பழம் குணப்படுத்தியது என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த உணவில் ரொட்டி இல்லாததுதான் செய்தி என்பது பிறகே விளங்கியது. நிறுத்திப் பார்த்துத் தேறினால் அதுதான் காரணம் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரடங்குக் கதைக்கும் இதே மறுப்பு பொருந்தும். அந்த ஐந்து மாதமும் குழந்தைக் காப்பகம் இல்லை. சளியும் காய்ச்சலும் ஒட்டவில்லை. மடியில் வைத்து ஊட்டப் பாட்டி இருந்தாள். தேறியதற்கு இவையும் காரணமாக இருந்திருக்கலாம். எங்கள் ஊகம் சரியாகப் போனது தற்செயல்.

25 ஜூன் 2023

பரிசோதனைகளின் வரிசையைக் கேட்டவர்களுக்காக.

2021 ஜூலையில், கோதுமையை நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகு, குழந்தைகளின் குடல் நோய்களைப் பார்க்கும் மருத்துவரிடம் போனார்கள். அவர் எழுதியது டிடிஜி ஐஜிஏ என்னும் இரத்தப் பரிசோதனை. திசுக்களில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருளை அது அளக்கிறது. அந்த ஆய்வகத்தில் 20 வரை இயல்பு. பேத்திக்கு 26 வந்தது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "குழந்தை இப்போது கோதுமை சாப்பிடுகிறாளா?" மகள் பெருமையோடு இல்லை என்றாள். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

26ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு முன் 300ஆக இருந்து வடிந்து வந்த 26ஆக இருக்கலாம். எப்போதுமே 26ஆக இருந்திருக்கலாம். வாழ்நாள் முழுவதும் ஒரு குழந்தையைக் கோதுமையிலிருந்து விலக்கிவைக்கும் முடிவை அப்படிப்பட்ட எண்ணின் மேல் கட்ட முடியாது. மீண்டும் கோதுமை கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அதையும் உடனே செய்ய முடியாது: ஐந்து வயதுக்கு முன்பும், பருவ வயதில் உயரம் கூடும் காலத்திலும் அப்படிக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது என்பது வழிகாட்டுதல். நவம்பர் வரை காத்திருந்தோம். அதன்பின் நாளுக்கு இரண்டு ரொட்டித் துண்டுக்குக் குறையாமல் எட்டு வாரம்.

என் மனைவி அந்த எட்டு வாரமும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. தெரிந்தே பிள்ளைக்கு நஞ்சு கொடுக்கச் சொல்கிறார்களே என்றாள். மூன்றாம் வாரத்தில் வயிறு உப்பத் தொடங்கியது. எட்டாம் வாரம் எடுத்த இரத்தத்தில் டிடிஜி 154.

இனி ஒரு கணக்கு. ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய்ச் சங்கமான எஸ்பிகான் 2012இல் ஒரு வழி திறந்தது. 2020இல் அதை எளிமையாக்கியது. டிடிஜி ஐஜிஏ அளவு இயல்பின் மேல்வரம்பைப் போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வேறொரு முறை எடுத்த இரத்தத்தில் இஎம்ஏ என்ற இரண்டாம் எதிர்ப்பொருளும் தெரிந்தால், பெற்றோர் இசைவோடு, குடல் மாதிரி எடுக்காமலே நோயை உறுதிசெய்யலாம். எங்கள் ஆய்வகத்தின் வரம்பு 20; பத்து மடங்கு 200. பேத்தியின் அளவு 154, அதாவது 7.7 மடங்கு. இஎம்ஏ இருந்தது. ஆனாலும் குழாய் விட்டுக் குடல் மாதிரி எடுக்கும் எண்டோஸ்கோப்பி தேவைப்பட்டது. முதலிலேயே, கோதுமை உண்டுகொண்டிருந்தபோதே இரத்தம் கொடுத்திருந்தால் 200ஐத் தாண்டியிருக்குமோ, மயக்க மருந்தும் குழாயும் இல்லாமலே முடிந்திருக்குமோ என்று இன்றும் சில இரவுகளில் கணக்குப் போடுகிறேன். விடை இல்லாத கணக்கு.

26 ஜூன் 2023

ஒன்றை விட்டுவிட்டேன். டிடிஜி ஐஜிஏ எடுக்கும்போது மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். சிலருடைய உடலில் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளே மிகக் குறைவு. மற்றவர்களைவிடச் செலியாக் நோயாளிகளிடையே அவர்கள் கூடுதல். அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ இல்லை என்று வருவது, எரியாத விளக்கை ஏந்திக்கொண்டு அறையில் ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். அவர்களுக்கு ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளில் பார்க்க வேண்டும். எங்களுக்கு முதல் தடவை ஆய்வகம் மொத்த ஐஜிஏவை எடுக்கவே இல்லை. பட்டியலில் இருந்தது, இரசீதில் இல்லை. இரசீதைச் சரிபாருங்கள்.

2 ஜூலை 2023

எண்டோஸ்கோப்பியைப் பற்றி அஞ்சுகிறவர்களுக்கு: 2022 பிப்ரவரியில் ஒரு காலை. முந்தைய இரவுக்குப் பின் உணவில்லை. மயக்க மருந்து கொடுத்து, விரல் பருமன்கூட இல்லாத குழாயை வாய் வழியே சிறுகுடலின் தொடக்கம் வரை செலுத்தி, முன்சிறுகுடலின் குமிழ்ப்பகுதியில் ஒன்றும் அதற்கு அப்பால் நான்குமாக அரிசி மணியைவிடச் சிறிய ஐந்து துணுக்குகளை எடுத்தார்கள். பாதிப்பு திட்டுத் திட்டாக இருக்கக்கூடும் என்பதால் ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. உள்ளே இருந்த நேரம் இருபது நிமிடம். நான் தொலைபேசிக்கு அருகில் உட்கார்ந்திருந்தது நான்கு மணி நேரம். விழித்ததும் இட்லி கேட்டாளாம்.

பத்து நாளில் அறிக்கை வந்தது: மார்ஷ் 3பி. மருத்துவர் மைக்கேல் மார்ஷ் 1992இல் வகுத்த குடல் சேதப் படிநிலைகளைப் பின்னர் பிரித்து எழுதியதில் 3பி என்றால் குடலுறிஞ்சிகள் பெருமளவு தேய்ந்துவிட்டன என்று பொருள். கம்பளியின் இழைகள் தேய்ந்து சாக்குத்துணி ஆகிவிட்டது என்று மருத்துவர் மகளிடம் விளக்கியிருக்கிறார். இரும்பு மருந்து ஏன் ஏறவில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. இரும்பு உறிஞ்சப்படும் இடமே அந்த முன்சிறுகுடல்தான். எவ்வளவு ஊற்றினாலும் பிடித்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

9 ஜூலை 2023

உறிஞ்சிகள் தட்டையாக இருந்தாலே செலியாக் என்று எழுதிவிடலாமா என்ற கேள்வி நியாயமானது. கூடாது. ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி, பால் புரத ஒவ்வாமை, கடுமையான ஊட்டக்குறை, தூய்மையற்ற சூழலில் வளரும் குழந்தைகளின் குடல் அழற்சி ஆகியவையும் அதேபோல் தேய்க்கும். நம் வட ஆற்காட்டில் 1960களில் கொத்துக்கொத்தாகப் பரவிய வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல்நோயை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதிலும் குடல் தேயும். ஆகவே நம் பக்கத்தில் மாதிரியை மட்டும் பார்த்தோ எதிர்ப்பொருளை மட்டும் பார்த்தோ முடிவு கட்டாமல், இரண்டையும் கோதுமையை நிறுத்திய பின் குழந்தை தேறுவதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். முதலில் இந்த இழையைத் தொடங்கியவர் சொன்ன "நிறுத்திப் பார்ப்பது" வரிசையில் இருக்கத்தான் செய்கிறது. அது கடைசியில் வர வேண்டியது; அவர் முதலில் வைத்தார், நானும் அப்படித்தான்.

23 ஜூலை 2023

சொல்லாராய்ச்சி வேண்டாம் என்று மகள் சொல்லியும் எழுதுகிறேன். இதைக் "கோதுமை ஒவ்வாமை" என்று சொல்வதை விட்டுவிட வேண்டும். கோதுமை ஒவ்வாமை என்று தனியே ஒன்று உண்டு. சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பும் வீக்கமும் மூச்சிரைப்பும் வரும். பல குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். செலியாக் தன்னெதிர்ப்பு நோய், நீங்காது. சொல் மாறினால் நடத்தை மாறுகிறது. ஒவ்வாமை என்று சொன்ன வரை சொந்தக்காரர்கள், ஒரு துண்டு கேக் தின்றால் ஒன்றும் ஆகாது, பார் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று ஊட்டினார்கள். ஆம், அன்று நன்றாகத்தான் இருப்பாள். செலியாக் என்ற, ஒருவருக்கும் புரியாத சொல்லைச் சொல்லத் தொடங்கிய பிறகே பயந்து நிறுத்தினார்கள். அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் வயிறு என்பதற்கு மேல் பொருளில்லை.

6 ஆகஸ்ட் 2023

இரண்டு கேள்விகள்.

எச்எல்ஏ மரபணுப் பரிசோதனை தேவையா? நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகைகளான டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லாதவருக்குச் செலியாக் வருவது மிக அரிது. ஆகவே இல்லை என்று சொல்ல அது உதவும். இருப்பதால் ஒன்றும் நிலைநாட்டப்படுவதில்லை. மேலே எழுதிய 36.4 விழுக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒருவரிடம் இருப்பதை நோயின் சான்றாகக் காட்டி அஞ்ச வைக்கும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கைக்குழந்தைக்குக் கோதுமையைத் தாமதமாகத் தொடங்கினால் தடுக்கலாமா? நானும் பேத்தியின் தம்பிக்கு அப்படித்தான் அறிவுரை சொன்னேன். சுவீடனில் 1984 முதல் 1996 வரை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே இந்நோய் திடீரெனப் பெருகித் தணிந்ததைப் பார்த்து, தொடங்கும் முறையில்தான் சூட்சுமம் என்று பலரும் நம்பினார்கள். 2014இல் வெளிவந்த இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகளில் நோய்க்கு வாய்ப்புள்ள குடும்பத்துக் குழந்தைகளுக்குத் தொடங்கும் மாதத்தை மாற்றிப் பார்த்தார்கள், நோய் குறையவில்லை. பன்னிரண்டு மாதம் வரை தள்ளிப்போட்டதில் நோய் தோன்றுவது பிந்தியது, அவ்வளவே. மகள் இதை எனக்கு அனுப்பி, "அப்பா, இனிமேல் நீங்கள் மருத்துவம் பார்க்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாள்.

17 செப்டம்பர் 2023

பெருங்காயம்! ஓராண்டு கட்டுப்பாடாக இருந்தும் டிடிஜி 48க்குக் கீழ் இறங்காமல் நின்றதன் காரணத்தைத் தேடித்தேடி அஞ்சறைப் பெட்டியில் கண்டோம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருப்பது வழக்கம். பொடியெழுத்தில் அச்சிட்டும் இருக்கிறது. அரிசி மாவு கலந்தது தேடி வாங்கலாம். சாம்பார், இரசம், ஊறுகாய், முறுக்கு எல்லாவற்றிலும் அது போகிறது.

அதைவிடப் பெரியது மாவு மில். கம்பும் சோளமும் கேழ்வரகும் கரிசல்காட்டுக்காரனுக்குப் புதியவை அல்ல. அவற்றில் குளூட்டனும் இல்லை. ஆனால் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன கல்லில் நம் கம்பை அரைத்தால் முதல் ஒரு கிலோவில் பாதி அவருடையது என்று என் மனைவி சொல்வாள். குளூட்டன் இல்லை என்று சொல்லி விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. மில்லுக்கு அந்த விதி தெரியாது. இப்போது வீட்டிலேயே சிறிய அரைவை இயந்திரம் இருக்கிறது. பார்லி, கோதுமையின் முளைச்சத்தில் செய்யும் ஹார்லிக்ஸ் போன்ற பானங்களும், பலதானியச் சத்துமாவும் பேத்திக்கு ஆகாது. நோஞ்சான் பிள்ளை என்று பார்த்துப் பார்த்து இரண்டு வேளை கொடுத்தோமே, அவைதாம்.

18 செப்டம்பர் 2023

காரணத்தைக் கண்டோம் என்று எழுதியதும் அவசரம். எதிர்ப்பொருள் இயல்புக்கு வர ஓராண்டுக்கு மேல், சிலருக்கு இரண்டு ஆண்டு, ஆவதுண்டு என்று மருத்துவர் மகளிடம் சொல்லியிருக்கிறார். பெருங்காயம் குற்றவாளியா, காலமே எடுத்துக்கொண்டதா என்று பிரித்தறிய வழியில்லை. மீண்டும் ஹாஸின் வாழைப்பழம்.

10 டிசம்பர் 2023

டிடிஜி 14. இயல்பு. ஹீமோகுளோபின் 12.1, முதல் ஆண்டிலேயே ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாள். வரைபடத்தை நானே வாங்கிவைத்துப் புள்ளி வைக்கிறேன்.

வீட்டில் மற்றவர்களுக்கும் எடுக்கச் சொன்னதில் மகளுக்கு இல்லை. பேரனுக்கு இப்போது இல்லை. பின்னால் வரலாம் என்பதால் மீண்டும் எடுக்க வேண்டும். மருமகன் விருதுநகர்க்காரர், பரோட்டா போய்விடுமோ என்ற அச்சத்தில் ஒன்றரை ஆண்டு தட்டிக்கழித்தார். வயிறு அடிக்கடி உப்புவதை வாயு என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் ஒருவழியாக இரத்தம் கொடுத்திருக்கிறார். மொத்த ஐஜிஏவும் இரசீதில் இருந்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அதற்கு முன் ஒரு மாதம் நாள்தோறும் பரோட்டா சாப்பிட்டாராம்; பரிசோதனை சரியாக வர வேண்டும் என்று மாமாதானே சொன்னார் என்று மகளிடம் காரணம் சொல்லியிருக்கிறார். முடிவு வியாழக்கிழமை வரும்.